முதலில் வந்தவனின் கடமை

ஏப்ரல் 14, சித்திரை 1

வருஷப் பிறப்பும் தீயணைப்பு வீரர்களின் நினைவு நாளும் ஒரே தேதியில் வருவதை நம்மில் அநேகர் கவனிப்பதில்லை. 1944-ஆம் ஆண்டு இதே நாளில், பம்பாய் விக்டோரியா துறையில், வெடிமருந்தையும் பருத்திப் பொதிகளையும் ஒருங்கே சுமந்துவந்து நின்ற ‘போர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பலில் நெருப்புப் பற்றி, அதை அணைக்கத் தண்ணீர்க் குழாய்களோடு சென்ற வீரர்கள் பின்வாங்காமல் போராடிக்கொண்டிருந்த வேளையிலேயே, பிற்பகல் நான்கு மணி கடந்த சில நிமிஷங்களில் கப்பல் வெடித்துச் சிதறியது. 66 தீயணைப்பு வீரர்கள் உயிர் நீத்தார்கள். அவர்கள் நினைவாகவே இன்று தொடங்கி 20-ஆம் தேதி வரை தேசமெங்கும் தீத்தொண்டு வாரம் அனுஷ்டிக்கப்படுகிறது. மாங்காய்ப் பச்சடியும் பஞ்சாங்க படனமுமாகக் கழிகிற இந்த நாளில், அந்த அறுபத்தாறு பேரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் ஏற்பட வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறேன்.

ஏப்ரல் 15

பக்கத்து வீட்டுப் பேரன் மாலையில் திண்ணைக்கு வந்தான். எழுத்துத் தேர்வில் தேறி, 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடித்து, கயிறு ஏறிக் காட்டி, தீயணைப்போர் பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவன். அடிப்படைப் பயிற்சி நிறைவு பெற்று, நிலையத்தில் போய்ச் சேருமுன் பெற்றோருடன் சில நாள் தங்க வந்திருக்கிறான்.

பயிற்சியில் முதலில் என்ன கற்பித்தார்கள் என்று கேட்டேன். “ஹோஸ் சுத்தறதுதான், தாத்தா. ஆரம்பத்துல அதேதான்” என்றான். குழாயை இரண்டாக மடித்து, ஒரு முனையின் கப்ளிங் அடிபடாமல் உள்ளே அடங்கும்படி சுருட்டி, தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, ஒரே வீச்சில் தரையில் விரித்து, ஆண் முனையைப் பெண் முனைக்குள் அழுத்தி, ‘கிளிக்’ என்ற சத்தம் காதில் விழுந்த பிறகே “வாட்டர் ஆன்” என்று குரல் கொடுக்க வேண்டுமாம். அந்தச் சத்தத்துக்குக் காத்திராமல் குரல் கொடுத்தால், தண்ணீரின் வேகத்தில் இணைப்பு பிடுங்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவனை அடித்து வீழ்த்திவிடும். பிராஞ்சைப் பிடிப்பவன் தனியே நிற்பதில்லை; பின்னாலிருந்து இன்னொருவன் தாங்கிக்கொள்வான். எவனும் தனியாகச் செய்கிற வேலை அங்கே ஒன்றுமேயில்லை என்று அவன் சொன்னபோது, அந்தப் பயிற்சியின் சாரத்தையே சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது.

பிறகு, துணி உலர்த்தும் கொடியை அவிழ்த்துவந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரே கயிற்றில் இரண்டு வளையங்கள் விழும்படி ஒரு முடிச்சைப் போட்டான். ஒரு வளையம் அக்குளுக்கு, மற்றொன்று முழங்காலின் மடிப்புக்கு. கிணற்றில் விழுந்தவனை நாற்காலியில் உட்கார்ந்தவன் போலத் தூக்கிவிடலாமாகையால் இதற்குச் சேர் நாட் என்று பெயர். கண்ணை ஏன் மூடினாய் என்றேன். புகைக்குள்ளும் ராத்திரியிலும் கண்ணால் பிரயோஜனமில்லை என்றான். புகை மண்டிய அறைக்குள் நிமிர்ந்து நடக்கலாகாது. சூடான புகை மேலே போவதால், தரையோடு தரையாகத் தவழ்ந்து, சுவரைக் கை விடாமல் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எதிரில் இருப்பதைத் தடவிப் பார்ப்பது உள்ளங்கையால் அன்று, புறங்கையால். அறுந்து கிடக்கிற மின்கம்பியில் உள்ளங்கை பட்டால் விரல்கள் தாமாகவே அதை இறுகப் பற்றிக்கொள்ளும். புறங்கை பட்டால் கை தன்னை நோக்கி மடங்கி விலகும். இவ்வளவு நுட்பமான விஷயத்தை இருபத்திரண்டு வயதுப் பையன், குழம்பில் உப்பு குறைவென்று சொல்லும் சகஜத்தோடு சொல்லிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 16

அப்பளம் பொரித்த எண்ணெய் எதிர் வீட்டு அம்மாளின் கையில் தெறித்துவிட்டது. ஒருவர் பற்பசையைத் தேட, ஒருவர் இங்க் புட்டிக்கு ஓட, பையன் வந்து, வளையலைக் கழற்றச் சொல்லி, குழாயடியில் கையை நீட்டவைத்து, இருபது நிமிஷம் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும்படி பார்த்துக்கொண்டான். ஐஸ் கட்டியும் கூடாதாம்.

ஏப்ரல் 17

தீத்தொண்டு வாரத்தை முன்னிட்டுத் தீயணைப்பு நிலையத்தார் வந்து செயல்விளக்கம் காட்டினார்கள். சமையல் வாயு சிலிண்டரின் வாயில் நெருப்பை மூட்டி, நனைத்த சாக்கு ஒன்றை உடம்புக்கு முன்னால் கேடயம்போல் விரித்துப் பிடித்தபடி ஒரு வீரர் அதை நெருங்கி, சிலிண்டரின் தலையை மூடி, உடனே வால்வைத் திருகி அடைத்தார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆனால், அடுத்து நடந்ததே என் மனத்தில் நின்றது. “யார் வந்து செய்யறீங்க?” என்று நிலைய அலுவலர் கேட்டதும், வாலிபர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு ஸ்திரீ புடைவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்வந்தாள். முதல் தடவை சாக்கைப் பாதி தூரத்திலிருந்தே வீசிவிட்டாள். மறுபடியும் செய்யச் சொன்னார்கள். அப்போது கை நடுங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் செய்து பார்த்தவளுக்கும் அந்த நிமிஷத்தில் உண்டான பேதத்தை எத்தனை பிரசங்கம் செய்தும் உண்டாக்க முடியாது.

அதைப் பார்க்கையில் பழைய துயரம் ஒன்று நினைவுக்கு வந்தது. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில், சத்துணவு சமைத்த நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகள் மாண்டார்கள். அதற்குப் பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அது அவசியமே, ஆயினும், கூரையை மாற்றினோம், அதன்கீழ் இருப்பவர்களுக்கு அப்பியாசம் தந்தோமா என்னும் கேள்வி இன்று மாலை முழுவதும் என்னைத் துன்புறுத்துகிறது.

ஏப்ரல் 18

காலையில் விஜயராகவப் பெருமாள் சந்நிதிக்குப் போனேன். திருப்புட்குழி என்னும் இந்த ஊரின் பெயரிலேயே ஒரு புள்ளின் தகனக் குழி இருக்கிறது. சீதையைக் காக்கப் போராடி வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமபிரான் இங்கேயே அந்திமக் கிரியைகள் செய்தான் என்பது ஐதீகம். அந்த நெருப்பின் வெம்மை தாளாமல் தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றும் சொல்வார்கள். இத்தனை வருஷம் சேவித்தும் தோன்றாத ஒன்று, பையனோடு பேசிய பலனாக இன்று தோன்றிற்று.

ஜடாயுவின் வீரத்தையே நாம் சிலாகிக்கிறோம். சிறகு வெட்டுண்ட பின் அவர் செய்தது, வீரத்துக்குச் சற்றும் குறையாத மற்றொரு காரியம். வரவேண்டியவன் வரும்வரை பிராணனைப் பிடித்துவைத்திருந்து, கொண்டுபோனவன் யார், எந்தத் திசையில் போனான் என்று சொல்லிவிட்டே கண்ணை மூடினார். தென்திசை என்ற அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் பின்னே நடந்த காரியங்களுக்கு வழியே இல்லை. முதலில் சென்றவன் தனக்குத் தெரிந்ததைப் பின்னால் வருபவனிடம் ஒப்படைப்பதைப் பயிற்சியில் தனிப் பாடமாகவே வைத்திருக்கிறார்களாம். வண்டி வந்து நின்றவுடன், எரிவது என்ன, உள்ளே எத்தனை பேர், சிலிண்டர் எங்கே, மின்சாரம் நிறுத்தப்பட்டதா, தண்ணீர் எடுக்கக் கிணறோ குளமோ எவ்வளவு தூரம் என்று ஒருவர் நின்று நிதானமாகச் சொன்னால், பல நிமிஷங்கள் மிச்சமாகும். நம் கிராமங்களில் ஐம்பது பேர் ஏககாலத்தில் கத்துகிறோம். சொல்ல வேண்டியதை ஒருவரும் சொல்வதில்லை.

தைரியத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அந்தத் தைரியமே உயிரைக் குடிக்கிற இடங்களும் உண்டு. பாழுங்கிணற்றிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறங்கினவன் விஷவாயுவினால் மயங்கி விழ, அவனைத் தூக்க அண்ணன் குதிக்க, அண்ணனைத் தூக்க அடுத்த வீட்டுக்காரன் குதிக்க, ஒரே குழியில் மூன்று பிணம் எடுக்கிற செய்தியைப் படிக்காத வருஷமில்லை. அவர்கள் கோழைகளா? அன்பினால் குதித்தவர்கள். இறங்குமுன் நிற்க வேண்டும், சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறும் இல்லாமல் இறங்கவே கூடாது என்பதை யாராவது அவர்களுக்கு முன்கூட்டியே பழக்கியிருந்தால் இரண்டு குடும்பங்களாவது பிழைத்திருக்கும்.

ஏப்ரல் 19

நமது ஊரையொட்டிப் போகிற சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் விபத்தைக் கண்டும் போலீஸ், கோர்ட் என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த திருத்தம் உதவி செய்தவரை வழக்கிலிருந்து காக்கிறது; அதன்படி வகுத்த விதிகள், பெயர் சொல்லும்படி நிர்ப்பந்திப்பதையும் தடுக்கின்றன. தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 108-ஐ அழைத்துவிட்டு, நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றாமலும், கழுத்தைத் திருப்பாமலும், ரத்தம் வருகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்திருப்பது யாராலும் இயலக்கூடியதே.

ஏப்ரல் 20

தீயணைப்பு வண்டி காஞ்சிபுரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வர வேண்டும். எத்தனை வேகமாக வந்தாலும், அதற்கு முந்திய நிமிஷங்கள் ஊராரைச் சேர்ந்தவை. அந்த நிமிஷங்களுக்கு ஊராரைத் தயார் செய்வது நடவாத காரியமன்று. ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி தருவதென்று மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில், நமக்குக் கூப்பிடு தூரம் என்னும்படியே இருக்கிறது. யாதவப் பிரகாசரிடம் இராமாநுசர் பாடம் கேட்ட ஊர் என்று பெருமை பேசுகிற நாம், இன்னும் ஒரு பாடத்துக்கு மனுப் போடலாம் அல்லவா?

ராத்திரி உட்கார்ந்து, மே 1-ஆம் தேதி கிராம சபையில் கொடுக்க மனுவை எழுதினேன். பையன் பக்கத்திலிருந்து இரண்டு இடத்தில் திருத்தினான். தெருவுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகத் தெரிந்தெடுத்து, தீயணைப்பு நிலையத்தார் மூலம் வருஷத்துக்கு இரண்டு முறை அவர்களே செய்து பார்க்கும் பயிற்சி தர வேண்டும். பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் சமையற்கட்டுக்கு அருகே தீயணைப்பான் வைத்து, அதை எடுத்து இயக்கச் சமையல் செய்கிறவர்களுக்கே கற்பிக்க வேண்டும். வண்டி தண்ணீர் எடுக்கக்கூடிய கிணறுகளையும் குளங்களையும், கனத்த வண்டி திரும்ப முடியாத சந்துகளையும் குறித்து ஒரு வரைபடம் பஞ்சாயத்து அலுவலகத்தில் மாட்டி, அதன் பிரதி நிலையத்துக்கும் போக வேண்டும் என்பவை கோரிக்கைகள். கடைசி வரியை அவன் சேர்த்தான்: ஊரில் உள்ள பாழுங்கிணறு ஒவ்வொன்றுக்கும் இந்த வருஷமே இரும்பு வலை போட வேண்டும்.