கேட்கவும் பாடவும்

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் பங்குக் கோவிலில் திருஇசை நிகழ்ச்சி நடைபெற்றது. நற்கருணை முன்னதாகவே பக்கச் சிற்றாலயத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டிருந்தது. நுழைவுக் கட்டணம் ஏதுமில்லை. கோவில்களில் இசை நிகழ்ச்சி நடத்துவது குறித்து உரோமைத் திருவழிபாட்டுப் பேராயம் 1987 நவம்பர் 5 அன்று விடுத்த மடலில் காணும் நெறிகள் இவை. கைதட்டலை இறுதிவரை தவிர்க்குமாறு பங்குத்தந்தையும் கேட்டுக்கொண்டார்.

பாடியோர் ஏறத்தாழ முப்பது பேர். தையற்காரர், செவிலியர், ஆசிரியை, கல்லூரி மாணவர் என நம்மோடு வாழ்பவர்களே. பகலெல்லாம் உழைத்து, இரவில் கூடிப் பயின்றவர்கள்.

அன்று பாடப்பெற்றவற்றுள் என் நெஞ்சில் நிலைத்தது மொசார்ட் இசையமைத்த 'ஆவே வேரும் கோர்புஸ்' என்னும் நற்கருணைப் பாடல். 46 தாளக் கட்டங்களில் முடிந்துவிடும் சிறு படைப்பு அது. வியன்னாவுக்கு அருகிலுள்ள பாடன் என்னும் ஊரில், பங்குக் கோவிலின் பாடகர் குழுவை நடத்திவந்த தம் நண்பர் அன்டன் ஸ்டோலுக்காக, 1791 ஜூன் மாதத்தில் அவர் அதனை எழுதினார். ஆறு மாதம் நிறைவதற்குள், டிசம்பர் 5 அன்று, அவர் மறைந்தார். எளிய பங்குக் குழுவொன்று பாடுவதற்கென்றே பிறந்த பாடல் அன்றோ! குரலைத் தாழ்த்திப் பாடுமாறு அவர் குறித்திருந்தபடியே எங்கள் குழுவினரும் பாடினர். இலத்தீன் அறியாதவர்களே பெரும்பாலோர். எனினும் பொருளை முன்னரே எடுத்துரைத்திருந்தமையால், அனைவரும் மன்றாட்டில் ஒன்றியிருந்தோம். தாமதமாக வந்தவர்கள் வாயிலிலேயே அசையாது நின்றனர்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் மனம் நெகிழ்ந்து, "இனி ஞாயிறுதோறும் இவர்களே பாடட்டும், நாம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்" என்றார். அந்தப் பாராட்டு என்னைச் சிந்திக்க வைத்தது.

வழிபாட்டில் திருஇசை பற்றி 1967-இல் திருச்சபை வெளியிட்ட அறிவுரை இரண்டு உண்மைகளைச் சேர்த்தே கூறுகிறது. பாடகர் குழு பாடுவதைக் கேட்டு உள்ளத்தை இறைவன்பால் எழுப்புவதும் பங்கேற்பே. ஆயினும், மக்களை முற்றிலும் விலக்கிவிட்டுப் பாடல்கள் யாவற்றையும் குழுவிடமே ஒப்படைப்பது ஏற்கத்தக்கதன்று. முதலாவதை அம்மாலைப் பொழுது எங்களுக்குக் கற்பித்தது. இரண்டாவதை ஞாயிறு திருப்பலியில்தான் நாம் காத்துக்கொள்ள வேண்டும்.

பயின்ற குரல்கள் முன்னின்று வழிகாட்டட்டும். சுருதி சற்றுத் தவறினாலும், பாட்டியும் பேரனும் உடன் பாடட்டும். அவர்களுடைய குரலும் பீடத்தில் ஏறும் காணிக்கையே. அழகிய இசை அதனை அடக்கிவிடாமல் அரவணைத்துச் செல்வதாக!