26 கிலோ மூட்டையும் 65 டாலர் கார்டும்

இந்தப் பக்கம் தலைகாட்டி ரெண்டு மாசமாச்சு. ஆடிட்டு, அப்புறம் மழை, அப்புறம் காய்ச்சல்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு. இன்னிக்கு மட்டாஞ்சேரியில கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, வெளிய போக வழியில்லை. சரி, மனசுல கிடக்கிற ஒரு கணக்கை இங்கே இறக்கி வெச்சுடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில எட்டு மணி. நியூஜெர்சி எடிசன்ல இருக்கிற தங்கச்சிகிட்டேருந்து போன். அங்கே சனி ராத்திரி பத்தரை.

"அக்கா, தூங்கிட்டியா?"

"எட்டு மணிக்கு எவடி தூங்குவா? சொல்லு."

"காஸ்ட்கோ கார்டைப் புதுப்பிக்கணுமாம். 130 டாலர். கட்டவா, வேணாமா? நீதான் பேங்க்காரி ஆச்சே, கணக்கு போட்டுச் சொல்லேன்."

எனக்கு சுருக்குன்னுச்சு. வீடு வாங்கினப்பக்கூட என்னை ஒரு வார்த்தை கேட்காதவ, 130 டாலருக்குக் கேட்கிறா. "என்னடி ஆச்சு?"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா சொன்னா. அவ வீட்டுக்காரருக்கு வேலை போயி மூணு வாரம் ஆச்சாம். கிரீன் கார்டு இருக்கறதால 60 நாளுக்குள்ள வேற வேலை தேடியாகணுங்கிற விசா பயம் இல்லை. இவளுக்கு வேலை இருக்கு, ஆனா ஒரு சம்பளம்தான். "அம்மாகிட்ட சொல்லிடாதே"ன்னா.

(இப்ப அம்மாவுக்கும் தெரியும். இதை எழுதறதுக்கு அவகிட்ட கேட்டுட்டேன். "பேர் மட்டும் போடாதே"ன்னா. போடலை.)

அந்த ஊர்ல இருக்கிறவங்களுக்கு காஸ்ட்கோவைப் பத்தி நான் சொல்லத் தேவையில்லை. நம்ம ஊர் மக்களுக்காக நாலு வரி. அது பெரிய கிடங்கு மாதிரி ஒரு கடை. வருஷ சந்தா கட்டினவங்களுக்குத்தான் வியாபாரம். எல்லாமே பெரிய பெரிய பொட்டலம்தான். 1976-ல சால் பிரைஸ்ங்கிறவர் சான் டியகோவில பிரைஸ் கிளப்னு ஆரம்பிச்சு வெச்ச முறை இது. காஸ்ட்கோ 1983-ல சியாட்டில்ல வந்தது, 1993-ல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. 2024 நிதியாண்டுக் கணக்கைப் பார்த்தா நிகர லாபம் சுமார் 737 கோடி டாலர். சந்தாவா வந்தது மட்டும் சுமார் 483 கோடி டாலர். பி.காம். படிச்ச கண்ணுக்கு இது போதும். சாமான்ல லாபத்தைக் குறைச்சு வெச்சுக்கிட்டு, நுழைவுக் காசுல சம்பாதிக்கிற கடை.

இந்தியாவுல வீட்டுக்கு வாங்கறவங்களுக்கு அந்த மாதிரிக் கடை வரவே இல்லை. 2003-ல மெட்ரோ பெங்களூருக்கு வந்தது, 2009-ல வால்மார்ட்டோட பெஸ்ட் பிரைஸ் அமிர்தசரஸுக்கு வந்தது. ரெண்டும் மொத்த வியாபாரம்தான். வெளிநாட்டு முதலீட்டு விதி அப்படி. கார்டு வேணும்னா கடை லைசென்ஸோ வரிப் பதிவோ காட்ட வேண்டியிருந்தது. மெட்ரோவை 2023-ல ரிலையன்ஸ் வாங்கிடுச்சு. அதனால தங்கச்சியோட கேள்வி எனக்குப் புதுசு. ஆனா கணக்கு பழைய கணக்குதானே!

"ஒரு வருஷ பில்லையும் அனுப்பு"ன்னேன். அனுப்பிட்டா. ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் நோட்டு, பேனாவோட உட்கார்ந்தேன்.

முதல்ல கார்டு. ரெண்டு வகை இருக்கு. 2024 செப்டம்பர்லேருந்து சாதா கார்டு 65 டாலர், எக்ஸிக்யூட்டிவ் கார்டு 130. கூடுதல் 65 கட்டினா, வாங்கறதுல 2 சதவீதம் வருஷக் கடைசியில திரும்ப வரும். பெட்ரோலுக்கு அது கிடையாது. அந்த 65-ஐ 2 சதவீதத்துல மீட்கணும்னா வருஷத்துக்கு 3,250 டாலருக்கு வாங்கணும். மாசம் கிட்டத்தட்ட 271.

தங்கச்சி வீட்டுல போன வருஷம் 4,100. அப்ப எக்ஸிக்யூட்டிவ் சரிதானேன்னு தோணும். இருங்க, அவசரப்படாதீங்க. பில்லைப் பிரிச்சுப் பார்த்தேன். பால், முட்டை, அரிசி, எண்ணெய், பாதாம், சோப்பு, டிஷ்யூன்னு வீட்டுக்கு வேண்டியது எல்லாம் சேர்த்து 1,900. மிச்சம் 2,200-க்கு என்னன்னு பார்த்தா, காத்தடைச்ச படகு ஒண்ணு (எடிசன்ல எந்தக் குளத்துல விட்டாளோ!), மூணு போர்வை, தோட்டத்துக்கு விளக்கு, மஃபின் மஃபினா மஃபின். "உள்ளே போனா கைக்கு வந்துடுதுக்கா"ன்னா. கார்டுக்குக் காசு கட்டியாச்சு, சும்மா விடலாமான்னு அடிக்கடி போறது, போனா வாங்கறது. காலேஜ்ல காஸ்டிங் பேப்பர்ல படிச்சேன்: ஏற்கெனவே செலவழிச்ச காசை அடுத்த முடிவுல சேர்க்கக் கூடாதுன்னு. பரீட்சையில எழுதறது சுலபம் மக்களே.

இனிமே 1,900-தான்னா 2 சதவீதம் 38 டாலர். கூடுதல் 65 கட்டி 38 வாங்கற ஜோலி வேண்டாம். எக்ஸிக்யூட்டிவ் அடிபட்டுடுச்சு.

அடுத்து சாதா கார்டு. அவ வழக்கமா வாங்கற பதினோரு சாமானுக்குப் பக்கத்துக் கடை விலையையும் இந்தியக் கடை விலையையும் கேட்டு வாங்கினேன். காஸ்ட்கோ விலையைவிட அங்கெல்லாம் சராசரியா 14 சதவீதம் கூடுதல். 1,900-க்கு 266 டாலர் மிச்சம். 65 போக 201 லாபம். ஆஹா, முடிஞ்சது கதைன்னு அவளுக்குப் போன் போடப் போனேன்.

அப்பதான் சமையலறை மூலையில இருந்த அந்த டிரம் கண்ணுல பட்டுது.

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லணும். போன வருஷம் பிரமோஷன்ல மதுரையிலேருந்து கொச்சிக்கு மாத்தல். வீட்டுக்காரர் மதுரையில, பொண்ணு திருச்சி ஹாஸ்டல்ல, நான் மட்டும் மட்டாஞ்சேரியில மாடி வீடு. பஜார் ரோட்டுக்கு நடந்தே போயிடலாம். தண்ணியோரமா வரிசையா பழைய கிடங்குங்க, மிளகும் சுக்கும் மூக்கைத் துளைக்கும், லாரியிலேருந்து அரிசி இறங்கிக்கிட்டே இருக்கும். மே மாசம் போயி பொன்னி அரிசி ஒரு மூட்டை கேட்டேன். கடைக்கார இக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மேடம் ஒற்றைக்கல்லே? அஞ்சு கிலோ போரே?"

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. எங்க வீட்டுல என்னிக்கு அஞ்சு கிலோ அரிசி வாங்கியிருக்கோம்? மூட்டையாத்தான் வாங்கினேன். 26 கிலோ. (2022 ஜூலையில 25 கிலோ வரைக்கும் உள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தப்ப, அதுக்குத் தப்பிக்க மில்காரங்க கண்டுபிடிச்ச அளவு.) கிலோ 60 ரூபா, சில்லறையில 66. மூட்டைக்கு 156 ரூபா மிச்சம்னு மனசுக்குள்ள ஒரே பெருமை.

ஜூன்ல மழை பிடிச்சுது. தனி ஆளு, மாசம் நாலு கிலோ தாண்டலை. ஆகஸ்ட்ல டிரம்மைத் திறந்தா வண்டு ஊருது. வேப்பிலை போட்டேன், மிளகாவத்தல் போட்டேன், வெயில்ல காய வெக்கலாம்னா வெயில் எங்கே? கடைசியில ஏழு கிலோவைக் கொட்டினேன். 420 ரூபா. 156 மிச்சம் பிடிக்கப் போயி 264 நஷ்டம். அதைவிட, அரிசியைக் கொட்டறப்ப கை நடுங்குச்சு. நாலு பேருக்கு வடிச்சுப் பழகின கை. நான் இப்ப தனி ஆள்தான்னு அந்த இக்காவுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு, எனக்கு ஆகஸ்ட்லதான் தெரிஞ்சுது.

அதனால போன்ல முதல் கேள்வியா இதைக் கேட்டேன்: "குப்பையில எவ்வளவு போடறே?"

"அதெல்லாம் எதுக்குக்கா?"

"சொல்லுடி."

கீரை பாதிப் பெட்டி, பால் கால் கேன், ரொட்டி, பழம்... கூட்டிப் பார்த்தா மாசம் 20 டாலர். வருஷம் 240. 201 லாபம் போயி 39 டாலர் நஷ்டம்!

"அப்ப கார்டை விட்டுடலாம்"னேன். மறுபடியும் சத்தமில்லை. அப்புறம் சொன்னா, "சனிக்கிழமையானா இங்க எல்லாரும் காஸ்ட்கோ போவோம்கா. நாங்க மட்டும் போகலைன்னா கேட்பாங்க. கார்டை விட்டா கீழே வந்துட்டோம்னு ஆயிடும்ல?"

ஓ, இதுவா சங்கதி! இதை எந்தக் கட்டத்துல போடறது?

இங்கே கிடங்குக்கு மலையாளத்துல 'பாண்டிகசாலை'ம்பாங்க. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம்ம ஊர் கூட்டுறவுப் பண்டகசாலை ஞாபகம் வரும். அம்மா வழித் தாத்தா திருவல்லிக்கேணியில குமாஸ்தா. 1904-ல அங்கே ஆரம்பிச்ச நகரக் கூட்டுறவுச் சங்கத்துல பங்கு வெச்சிருந்தார். நம்ம 'டியுசிஎஸ்'தான். இங்கிலாந்து ராக்டேல்ல 1844-ல 28 பேர் சேர்ந்து நடத்தின கடையைப் பார்த்துத் தொடங்கினது. அங்கேயும் உறுப்பினர் காசு கட்டினாங்க, வாங்கினதுக்குத் தக்கபடி லாபத்துல பங்கு வாங்கினாங்க. ஆனா கட்டின காசு பங்கு, கடையே அவங்களோடது. தனித்தனியா வாங்கி மாளாதவங்க சேர்ந்து வாங்கினா மாளும்ங்கிறதுதான் ஆதி யோசனை. அந்தச் 'சேர்ந்து' இப்ப கார்டுல இல்லை. ஆனா வாங்கினதுக்கப்புறம் பிரிச்சுக்கறதை யார் தடுக்கப் போறாங்க?

"65 டாலர் கார்டா மாத்திக்கோ. கார்டை யாருக்கும் கடன் கொடுக்க முடியாது, வாசல்லயே ஸ்கேன் பண்றாங்க. நீ வாங்கிட்டு வா, வீட்டுல வெச்சுப் பக்கத்து ரெண்டு குடும்பத்தோட பங்கு போடு. பிடிக்கலைன்னா எப்ப வேணா கார்டைத் திருப்பிக் கொடு, கட்டின சந்தா முழுசா வந்துடும்"னேன்.

"பங்கு போடணும்னா ஏன்னு சொல்லணுமே?"

"சொல்லு."

பத்து நாள் போன் இல்லை. எனக்கு ஆபீஸ்ல கை ஓடலை. பதினோராவது நாள் கூப்பிட்டா. எதிர் வீட்டு ஈரோட்டுக்கார அம்மாகிட்ட பார்க்கிங்கில நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டாளாம். அந்தம்மா முதல்ல கேட்டது வேலையைப் பத்தி இல்லையாம். "பாலை நாங்களும் பாதி கொட்டிக்கிட்டுத்தான் இருக்கோம், முன்னாடியே சொல்றதுக்கென்ன?"ன்னாங்களாம். அன்னிக்கு ராத்திரி அவங்க வீட்டுலதான் சாப்பாடு. அவங்க வீட்டுக்காரர் தனக்குத் தெரிஞ்ச நாலு பேருக்கு ரெஸ்யூமே அனுப்பியிருக்கார்.

வேலை இன்னும் கிடைக்கலை. இந்த மாசம் குப்பைக்குப் போனது நாலு டாலர்தான்னு சொன்னா. நோட்டுல குறிச்சு வெச்சிருக்கேன்.

ஆக, கார்டு லாபமான்னு கேட்கிறவங்களுக்கு இந்த பேங்க்காரி சொல்றது இதுதான்: கடையில மிச்சம் பிடிச்சதை பில்லு சொல்லும், வீட்டுல கொட்டினதை குப்பைத்தொட்டிதான் சொல்லும். ரெண்டையும் கூட்டுங்க. அப்புறம், வீட்டுல இன்னிக்கு எத்தனை பேர்னு எண்ணுங்க. போன வருஷக் கணக்கு வேண்டாம்.

நான்? இக்காகிட்ட இப்ப அஞ்சு கிலோதான். போன தடவை கேட்காமலே எடுத்து வெச்சிருந்தார். கிலோ 66-தான்னு நினைச்சு நீட்டினா, 60 கணக்குல எடுத்துக்கிட்டு மீதியைக் கையில கொடுத்தார். அந்தக் கடைக்குக் கார்டு இல்லை, மக்களே.

உங்க வீட்டுல எப்படி? மூட்டையா, அஞ்சு கிலோவா? சொல்லிட்டுப் போங்க.