முதல் நூலின் முகவரி

யாழ்ப்பாணம் செல்லுங்காற் புத்தகக் கடைக்குட் புகாது நாம் திரும்புவதில்லை. சென்ற மாதம் மாணவர் இருவரும் உடன் வந்தனர். முன்வரிசையிற் புகழ்பெற்றோர் நூல்கள். மூலையில், கயிறு அவிழாத கட்டொன்று. ஓர் இளைஞரின் முதற் கதைத் தொகுதி அது. பெயரறியாதவர் என்று ஒரு பிரதியை எடுத்த இடத்திலேயே வைக்க முற்பட்டோம்.

அக்கணம் அருகிலுள்ள கஸ்தூரியார் வீதி நினைவுக்கு வந்தது. அங்கு முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்த டொமினிக் ஜீவாவின் முதற் சிறுகதைத் தொகுதியான 'தண்ணீரும் கண்ணீரும்' 1960ஆம் ஆண்டில் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றதன்றோ? 1966இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' புதியவர் பலரை வளர்த்தது. அவருடைய முதல் நூலையும் பெயரறியாத யாரோ ஒருவர் வாங்கித்தானே இருப்பர்!

நாணி, இரு பிரதிகள் வாங்கினோம்: கல்லூரி நூலகத்துக்கு ஒன்று, எமக்கொன்று. பஸ் கொக்குவிலை அடையுமுன் எம்முடைய பிரதி ஒரு மாணவர் கைக்கு மாறிற்று. இறங்குமிடம் வந்தும் அவர் அதனைத் திருப்பித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை.