கரிசலில் தேன்பெட்டி: இடத்தைச் சித்திரையில் பாருங்கள்!

விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் சாலையில் இருக்கிறது மல்லாங்கிணறு. சுற்றிலும் மானாவாரிக் கரிசல். ஐப்பசி மழையை நம்பி விதைத்த பருத்தி, சூரியகாந்தி, மல்லியெல்லாம் மார்கழி, தையில் பூத்து நிற்கும். அப்போது பார்த்தால் எந்த இடமும் தேன்பெட்டிக்கு நல்ல இடம்தான். பங்குனி பிறந்தால் அதே காடு வெறும் பொட்டல். நடுக்காட்டில் வைத்த பெட்டியில் காலி அடைதான் மிஞ்சும். பூவும் தண்ணீரும் இல்லாத தேனீ கூட்டத்தோடு கிளம்பிவிடும்.

இங்கே தோதான இடம், கண்மாய்க் கரைக்கு வெளியே, தண்ணீர் தேங்காத மேட்டுத் தோப்பும் கிணற்றடியும்தான். வேம்பும் புங்கனும் கோடையில் பூக்கும். பின்னாலேயே புளி பூக்கும். நிழலும் கிடைக்கும்.

கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். தாங்கியை வெறும் மண்ணில் ஊன்றினால் பெட்டி சாயும். கல் பாவி நிறுத்தி, கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் வாசல் கிழக்குப் பார்க்கட்டும். பெட்டிக்குப் பெட்டி 2 முதல் 3 மீட்டர் இடைவெளி வேண்டும்.

பக்கத்துப் பருத்திக்காட்டில் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுவைத்தால், முதல்நாள் பொழுது சாய்ந்து தேனீ அடைந்ததும் வாசலை மூடிவிடலாம்.

சித்திரை மத்தியானத்தில் பூவும் நிழலும் ஈரமும் இருக்கிற இடமே பெட்டிக்கான இடம்.