கேள் – ஒரு சொல், இரண்டு வேலை



கேள்வி கேட்டே பாடம் நடத்துவதற்குத் தமிழில் ஒரு வினைச்சொல் உண்டா என்று, இப்போது ஆசிரியையாக இருக்கும் என் மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வினவு, உசாவு, கேள் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. வினவினால் விடை வேண்டும். உசாவுவதில் கலந்து பேசுவதும் சேர்ந்திருக்கிறது. ‘உசாத்துணை’ அதிலிருந்து வந்ததுதான். எனக்குப் பிடித்தது ‘கேள்’. காதால் கேட்பதும் அதுதான், வாயால் கேட்பதும் அதுதான். திருக்குறளில் 42ஆம் அதிகாரமான ‘கேள்வி’ செவிவழிக் கற்பதைச் சொல்கிறது. பரீட்சைத் தாளில் இருப்பதும் கேள்விதான். ஆசிரியரிடம் படித்ததை அந்தக் காலத்தில் ‘பாடம் கேட்டேன்’ என்பார்கள்.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. விடை தெரிந்தே ஆசிரியர் கேட்பது அறிவினா. தெரிந்துகொள்ள மாணவர் கேட்பது அறியாவினா. முதலாவது மட்டும் நடந்தால் அது பரீட்சை. இரண்டாவதும் எழுந்தால்தான் பாடம்.

ஒருமுறை வகுப்பில், “இங்கே மழையே இல்லாத நாளிலும் பாகூர் ஏரிக்குத் தண்ணி வருதே, எப்படி?” என்று கேட்டேன். முன்வரிசை கூரையைப் பார்த்தது. வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். “சொர்ணாவூர் அணைக்கட்டுலேர்ந்து பங்காரு வாய்க்கால்ல வருது டீச்சர். எங்கப்பா கூடப் போய்ப் பாத்திருக்கேன்.” உட்காரவில்லை. “பெண்ணையாத்துலயே தண்ணி வரலைன்னா நாங்க என்ன டீச்சர் செய்யறது?” அது அறியாவினா. விடை என்னிடமும் இல்லை. அன்று மணி அடித்த பிறகும் வகுப்பு பேசிக்கொண்டே இருந்தது.

1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் நீளமாக அடுக்கினார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்பது முதலியாரின் அடுத்த கேள்வி. ஐயர் அதுவரை படித்ததில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு சுவடி தேடப் புறப்பட்டவர், 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். கேட்டவர் பின்னர் பாடம் கேட்டவர். கற்றுக்கொண்டவர் பாடம் சொன்னவர்!

ஆகவே மாணவியே, தனிச்சொல் தேட வேண்டாம், ‘கேள்’ போதும்.

நம் வீடுகளில் ‘எதிர்த்துக் கேள்வி கேக்காதே’ என்று பிள்ளையின் வாயை அடைக்கிறோம். வீட்டில் அடைத்த வாய் வகுப்பில் திறக்காது. பிள்ளை கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள்; தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நீங்கள் ஒன்று கேட்டால், பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள். அந்தச் சொல்லின் மறுபாதி அதுதான்.