அர்ஃபஜாவின் மூக்கு

இஸ்லாத்துக்கு முந்திய குலாப் போரில் மூக்கை இழந்தவர் அர்ஃபஜா. பிற்காலத்தில் நபித்தோழரான அவர் வெள்ளியால் ஒரு மூக்கைச் செய்து பொருத்தியிருந்தார், அது நாற்றமெடுத்தது. பொன்னால் செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் காணப்படும் செய்தி இது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னும், இழந்ததை ஈடுசெய்ய ஆகுமாயிற்று.

அய்யம்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட என் லாத்தாவுக்குப் புற்றுநோயால் ஒரு மார்பகத்தை அகற்ற நேர்ந்தபோது, "ஐம்பது வயதில் செயற்கை மார்பு எதற்கு? படைப்பை மாற்றுவதாகாதா?" என்று அவள் மாமியார் கேட்டார். மச்சான் இச்செய்தியை எடுத்துரைத்தார். 2007இல் மலேசியாவில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹு பேரவை, அகற்றப்பட்ட மார்பகத்தை மீட்டமைக்க அனுமதித்ததையும் சொன்னார். மாமியார் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "உடம்பு உன்னுடையது, நீயே முடிவு செய்யம்மா" என்றார்.

மருத்துவர் மூன்று வழிகளை விளக்கினார். வயிறு அல்லது முதுகிலிருந்து சொந்தச் சதையை எடுத்து அமைக்கலாம். அறுவை நீளும், உடல் தேற நாளாகும். 1962இல் அமெரிக்காவில் முதன்முதல் பொருத்தப்பட்ட சிலிக்கோன் பை, தொடுவதற்கு இயல்பாக இருக்கும். ஆனால் கிழிந்தால் வெளியே தெரியாது, ஸ்கேன் எடுத்தே அறிய வேண்டும். உப்புநீர்ப் பை சற்றே சுருக்கம் காட்டும். கிழிந்தால் உடனே தளர்ந்துவிடும், நீரை உடல் தீங்கின்றி உறிஞ்சிக்கொள்ளும். மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதே நல்லது என்றும் சொன்னார். சொரசொரப்பான பைகளில் ஒருவகை, அரிதான நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையதெனக் கண்டு 2019இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதாம்.

லாத்தா உப்புநீர்ப் பையைத் தேர்ந்தாள். எங்களூரில் எளிதில் கிடைக்காத அதைச் சொல்லி வரவழைக்க வேண்டியிருந்தது. காரணம் கேட்டேன்.

"வரப்பு உடைந்தால் அன்றைக்கே தெரியும், அடைத்துவிடலாம். நண்டுவளை வழியே அடியில் கசிவதுதான் வயலைக் கெடுக்கும்" என்றாள்.

எந்தப் பையும் ஆயுள் முழுவதும் நிலைப்பதில்லை. பின்னாளில் மாற்ற நேரலாம் என்பதையும் அவள் அறிவாள்.

ஒன்றைச் சகோதரிகள் சிந்திக்க வேண்டும். நோய் தொடக்கத்திலேயே தென்பட்டதால் லாத்தாவுக்குக் கதிர்வீச்சு தேவைப்படவில்லை. கதிர்வீச்சுக்கு உள்ளான மார்பில் பையைச் சுற்றியுள்ள திசு இறுகிக் கடினமாவது மிகுதி. தேர்வு செய்யும் வாய்ப்பே, காலத்தோடு மருத்துவரை அடைந்ததால் அவளுக்குக் கிட்டியது. நாணத்தால் கட்டியை மறைத்து வைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.