திரையில் ஏறிய கீர்த்தனை

மும்பையில் ஒரு தமிழ்ச் சபை. பாடகர் குழுவை நடத்துபவர் ஐம்பதைத் தாண்டியவர், ஹார்மோனியத்தில் தொடங்கி கீபோர்டுக்கு வந்தவர். புது மிக்சருக்குக் கமிட்டி பணம் ஒதுக்கியபோது அவர் கேட்டது புரொஜெக்டர்.

சத்தத்துக்கு அங்கே குறைவில்லை. கூடச் சேர்ந்து பாடத்தான் ஆளில்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். வேதநாயக சாஸ்திரியாரின் (1774-1864) கீர்த்தனைகளோ கேட்டவுடன் நாக்கில் ஏறிவிடக்கூடியவை அல்ல.

இப்போது திரையில் மேலே தமிழ், கீழே அதே வரி ஆங்கில எழுத்தில். ஒரு தடவைக்கு இரண்டே அடி. லகரத்தையும் ளகரத்தையும் ஆங்கில எழுத்து பிரித்துக் காட்டாது என்பதால், அதை மட்டும் சனிக்கிழமை ஒத்திகையில் வாயால் சொல்லித்தருகிறார்.

கம்ப்யூட்டர் முன் அவர் உட்கார்த்தியது கம்ப்யூட்டர் படித்த பையனை அல்ல, குழுவில் பாடும் பெண்ணை. நியாயம்தான்: பல்லவி எத்தனை முறை திரும்பும் என்பது பாடும்போதுதான் தெரியும். முதல் மாதம் அந்தப் பையன் இருந்தபோது, சபை பல்லவியில் நிற்க, திரை சரணத்துக்குப் போய்விட்டது.

பாட்டிகள் திரையைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்கள். பழைய மிக்சர் இன்னும் இரைகிறது.